மல்லிகைப்பூ வைக்காத தங்கச்சிக்கு

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் தத்தெடுத்து வளர்க்கும் ஓர் அம்மாவுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதியிருந்தேன். பிள்ளையிடம் எப்போது சொல்வது என்பதுதான் அவருடைய கேள்வி. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் தத்தெடுத்தவர்கள் எழுதியதில்லை, தத்துக் கொடுத்தவர்கள் எழுதியது. இத்தனை பேர் நம் மதுரையைச் சுற்றியே வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. அதனால் இந்த மாதம் முழுப் பக்கமும் அவர்களுக்கு. யாருடைய அடையாளமும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அவசரமான ஒன்று.

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு வயது 20, கல்யாணம் ஆகவில்லை, இப்போது ஏழு மாதம். பையன் வீட்டில் கைவிரித்துவிட்டார்கள். தெரிந்த நர்ஸ் ஒருவர், பிள்ளையில்லாத ஒரு தம்பதி இருக்கிறார்கள், பிரசவச் செலவை ஏற்றுக்கொண்டு மேலே இரண்டு லட்சம் தருவார்கள், பிறப்புச் சான்றிதழையே அவர்கள் பெயரில் வாங்கிவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்கிறார். குழந்தை நல்ல இடத்துக்குத்தானே போகிறது, செய்யலாமா அக்கா? – பெயர் வேண்டாம், திருமங்கலம் பக்கம்

பதில்: வேண்டாம்மா. இன்றைக்கே அந்த நர்ஸிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அது தத்து இல்லை, விற்பனை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு. அதையும் விடுங்கள், சான்றிதழில் வேறு பெயர் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் என்று உங்கள் பெண் எந்தத் தாளிலும் இருக்கமாட்டாள். நாளைக்குப் பிள்ளை தேடினாலும் வழி கிடையாது, இவள் தேடினாலும் கிடையாது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால்தான் ஒப்படைக்க வேண்டும். கல்யாணமாகாத பெண் என்றால் அவள் ஒருத்தி கையெழுத்துப் போதும், விவரம் வெளியே போகக் கூடாது என்பதும் சட்டம். குழந்தை பிறக்கும் முன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். போட்ட பிறகும் மனசு மாற 60 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் நர்ஸ் சொன்னது இருக்கிறது, பையன் வீட்டில் சொன்னது இருக்கிறது. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேளுங்கள்.

கேள்வி: 2002-ல் எனக்கு 19 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, ஹாஸ்டலில் இருந்தேன். நம்பினவன் ஊரைவிட்டே போய்விட்டான். அம்மா என்னை வெளியூரில் ஒரு இல்லத்தில் சேர்த்தார், அங்கேதான் பெண் குழந்தை பிறந்தது. நாலு நாள் என்னிடம் இருந்தாள். இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். ஐந்தாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். நான் பத்தாவது படித்தவள், கையெழுத்துப் போடத் தெரியும் என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை, கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். தாளில் என்ன இருந்தது என்று படித்துக் காட்டவும் இல்லை. ஊருக்கு வரும் பஸ்ஸில் கட்டைவிரல் மையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. அங்கிருந்த ஆயாதான் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். மூணு நாளில் பால் நின்றது. அன்றிலிருந்து என்னால் மல்லிகை வைக்க முடியவில்லை. 2005-ல் கல்யாணம், இரண்டு பையன்கள். அவர் நல்ல மனுஷன், வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருவார், நான் சாமி படத்துக்குப் போட்டுவிடுவேன். அவருக்கு எதுவும் தெரியாது. மஞ்சள் காமாலை வந்து கிடந்தாள் என்று அம்மா ஊரில் சொன்னதுதான் இன்றைக்கும் கதை.

மாமியார் பார்க்கிற சீரியலில் இப்போது, பெற்றுப்போட்டுவிட்டுப் போனவள் பதினெட்டு வருஷம் கழித்துப் பிள்ளையைப் பறிக்க வருகிறாள். உதட்டுச் சாயமும் சொத்து ஆசையுமாக. "பெத்துப் போட்டுட்டுப் போனவளுக்கு என்னடி உரிமை" என்று மாமியார் டிவியைப் பார்த்துத் திட்டுகிறார். நான் அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நிற்கிறேன். அக்கா, நான் அவள் மாதிரியா? என் மகளைத் தேடலாமா? வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? – உசிலம்பட்டி பக்கம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அந்தக் கைநாட்டில் வந்து நின்றுவிட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணின் விரலைப் பிடித்து மையில் அழுத்தியிருக்கிறார்களே. பெற்ற தாயை நெருக்கக் கூடாது, அவளுக்கு மறுபடி யோசிக்க நேரம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் சொன்னது 1984-ல். உங்களுக்குக் குழந்தை பிறந்த காலத்தில் இருந்த சட்டமும் இரண்டு மாத அவகாசம் கொடுத்தது. உங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்களா, அம்மா விட்டிருப்பாரா, அது வேறு. ஆனால் 'நானே மனசறிந்து கொடுத்தேன்' என்று இத்தனை வருஷமாக உங்களை நீங்களே குத்திக்கொண்டிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். மனசறிந்து கொடுப்பதற்கு முதலில் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை இறந்து பிறந்த வீடுகளில் பாட்டிமார் செய்துவந்த வைத்தியம் அது. 1988-ல் நம் நாட்டு மருத்துவர்களே அதை ஆராய்ந்து, மார்பில் மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றுகிறது, அதற்குக் கொடுக்கிற மாத்திரையோடு ஒப்பிட்டாலும் பலன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் உங்கள் மனசில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். அந்த வாசனையோடுதான் உங்கள் பால் நின்றது, அதை உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான். மதுரைப் பக்கம் வாழ்ந்துகொண்டு மல்லிகையிலிருந்து தப்பிக்கவும் முடியாது, பஸ்ஸில் முன் சீட்டுக்காரி தலையிலிருந்து வந்துவிடும். பிடிக்காவிட்டால் வைக்க வேண்டாம். கனகாம்பரம் வாங்கி வரச் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த சீரியல். பெற்றவளை இரண்டே இடத்தில்தான் திரையில் காட்டுகிறார்கள், விட்டுவிட்டுப் போகிற அன்றைக்கு ஒரு தடவை, திரும்பி வருகிற அன்றைக்கு ஒரு தடவை. நடுவில் இருபது வருஷம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? சமைத்தாள், வேலைக்குப் போனாள், ஒவ்வொரு வருஷமும் ஒரு தேதியில் காரணம் சொல்லாமல் சாப்பிடாமல் படுத்தாள். அது கதைக்கு ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குக் குழந்தை பிறந்த அதே 2002-ல்தான் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, பெற்றவளைத் தேடி ஈழத்துக்குப் போகிற கதை. அதில் பெற்றவளைக் கெட்டவளாகக் காட்டவில்லை, அதற்கு நான் அந்தப் படத்தைக் கும்பிடுகிறேன். ஆனாலும் படம் பிள்ளையோடும் வளர்த்தவர்களோடும்தான் நடக்கிறது, பெற்றவள் கடைசியில் வந்து நின்று, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போய்விடுகிறாள். அவளுக்குள் போய் உட்கார்ந்து யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடினால், நான் கண்டது குலசேகர ஆழ்வார்தான். யசோதையாக நின்று பாடினதைத்தான் நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். இவர் தேவகியாக நின்று ஒரு பதிகமே புலம்பியிருக்கிறார். தாலாட்ட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அவன் மழலை கேட்கக் கொடுத்துவைக்கவில்லை, எல்லாம் யசோதைக்குப் போயிற்று என்று. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு ராஜா பெற்றவளின் வயிற்றெரிச்சலைத் தெரிந்து எழுதியிருக்கிறார், இன்றைக்கு சீரியல் எழுதுகிறவர்களுக்கு உதட்டுச் சாயம்தான் தோன்றுகிறது. அதில் இன்னொன்றும் கவனியுங்கள், தேவகிக்கு யசோதை மேல் கோபம் இல்லை, அவளைத் தெய்வம் என்றுதான் சொல்கிறாள். உங்கள் கடிதத்திலும் வளர்க்கிறவர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நீங்கள் யார் மாதிரி என்று கேட்டீர்களே, தேவகி மாதிரி.

சரி, தேடலாமா? உள்ளதைச் சொல்கிறேன். தேடுகிற உரிமையைத் தத்து விதிகள் பிள்ளைக்குத்தான் கொடுத்திருக்கின்றன. 18 வயது முடிந்த பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம், அதற்குக் கீழே என்றால் வளர்த்தவர்களோடு சேர்ந்து. மத்தியத் தத்து ஆதார ஆணையம், காரா என்று சொல்வார்களே, அதன் வழியாக. பெற்றவள் போய் 'என் பிள்ளை எங்கே' என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். வலிக்கும், தெரியும். ஆனால் அதே விதி உங்களையும் காக்கிறது. ஒப்படைத்தபோது என் விவரம் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருந்தால், மகளே தேடி வந்தாலும் உங்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் உங்கள் விவரத்தைக் கொடுக்க முடியாது. நடுவில் மூன்றாம் ஆள் யாரும் நுழையவும் முடியாது. யாராவது 'நான் கண்டுபிடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்டால் கிட்டே சேர்க்காதீர்கள்.

நீங்கள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது, அது பெரிய காரியம். பெற்றவர் கிடைக்கவில்லை என்றாலோ சம்மதிக்கவில்லை என்றாலோ, எந்தச் சூழ்நிலையில் எந்தக் காரணத்தால் ஒப்படைத்தார்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அப்படி உங்கள் மகள் வந்து கேட்டால் என்ன படித்துக் காட்டுவார்கள்? 2002-ல் யாரோ ஒரு எழுத்தர் எழுதின ஒற்றை வரியை. 'திருமணமாகாத தாய், வளர்க்க வசதியில்லை' என்ற மாதிரி ஒன்று இருக்கும். நாலு நாள் மடியில் வைத்திருந்தது அதில் இருக்காது. காதுக்குப் பின்னால் இருக்கிற மச்சம் இருக்காது. பால் கட்டிக் காய்ச்சல் வந்தது இருக்காது. அதனால் நீங்கள் உட்கார்ந்து எழுதுங்கள். என்ன நடந்தது, ஏன், யார் யார் கூட இருந்தார்கள், அவள் எப்படி இருந்தாள் என்று உங்கள் கையால். கீழே நீங்களே கையெழுத்துப் போடுங்கள், இந்தத் தடவை கைநாட்டு இல்லை. அவள் தேடி வந்தால் எனக்குச் சம்மதம், அல்லது இப்போதைக்குச் சம்மதம் இல்லை, எது உண்மையோ அதை எழுதி, அந்த இல்லம் இருந்தால் அங்கே ஒரு பிரதி, அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு பிரதி கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். முக்கியம், பழைய தாளில் உங்கள் பிறந்த வீட்டு முகவரிதான் இருக்கும். அங்கே இப்போது யார் தபாலைப் பிரிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சொந்த செல்பேசி எண்ணைக் கொடுங்கள்.

அவள் வராமலே போகலாம். வளர்த்தவர்கள் அவளிடம் சொல்லியே இருக்கமாட்டார்கள் என்பதற்கும் இடமிருக்கிறது. வந்தாலும் கோபத்தோடு வரலாம். அதற்கெல்லாம் மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டு எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தமாட்டேன். உண்மை பேசு என்று தூரத்தில் உட்கார்ந்து சொல்வது எனக்குச் சுலபம், அந்த வீட்டில் இருக்கப் போவது நீங்கள். ஆனால் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அக்கா தங்கை, பழைய ஹாஸ்டல் தோழி, அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இருக்கிற ஆலோசகர், யாராவது. இருபத்துச் சொச்சம் வருஷமாக இதைப் பற்றி அழக்கூட உங்களுக்கு ஒரு மடி கிடைக்கவில்லை. பிள்ளை செத்திருந்தால் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். கொடுத்தவளுக்கு யாரும் துக்கம் கேட்க வருவதில்லை. நான் கேட்கிறேன் தங்கச்சி.

கேள்வி: நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். 'கல்நெஞ்சத் தாய்' என்று நானே பல தடவை எழுதியிருக்கிறேன். போன மாதம் உங்கள் பதிலைப் படித்த பிறகு கை கூசுகிறது. குப்பைத்தொட்டியில் குழந்தை கிடந்தால் வேறு எப்படித்தான் எழுதுவது? – திண்டுக்கல் சாலை, மதுரை

பதில்: கை கூசுகிறது என்று எழுதினீர்களே தம்பி, அதற்கே நன்றி.

உசிலம்பட்டி என்ற பெயருக்கு 1980-களில் பத்திரிகைகள் ஒட்டின முத்திரை இன்னும் போகவில்லை. பெண் சிசுக்கொலையை வெளியே கொண்டுவந்தது தேவையான வேலைதான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் 1992-ல் சேலத்தில், வளர்க்க முடியாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுப் போகலாம் என்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் வந்தது. ஆனால் கேமரா அன்றைக்கும் தாயின் முகத்தில்தான் நின்றது, இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. 'கல்நெஞ்சத் தகப்பன்' என்று நீங்கள் ஒரு தலைப்பாவது போட்டிருக்கிறீர்களா? குழந்தைக்குத் தகப்பன் என்று ஒருவன் இருப்பதே செய்தியில் வருவதில்லை, வந்தால் 'கள்ளக்காதல்' என்ற வார்த்தைக்குள் வருகிறான், அதிலும் அவள் பெயர்தான் முன்னால் நிற்கும்.

நீங்கள் அந்தச் செய்தியை எழுதுகிற நாளில் எங்கோ ஒரு கிராமத்தில் எட்டு மாதத்தில் ஒரு பெண் அதைப் படிப்பாள், அல்லது டீக்கடையில் யாராவது உரக்கப் படிப்பது அவள் காதில் விழும். 'போலீஸ் வலைவீசித் தேடுகிறது', 'கல்நெஞ்சம்' என்றால் அவள் என்ன கற்றுக்கொள்வாள்? இன்னும் இருட்டான இடமாகப் பார்த்து வைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வாள். அதே செய்தியின் கீழே, வளர்க்க முடியாதவர்கள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம், உதவிக்கு 1098 என்று இரண்டு வரி இருந்தால் அடுத்த குழந்தை தொட்டிலுக்கு வரும். பெற்றவர் கைமீறின சூழ்நிலையில் விட்டிருந்தால், அது வேண்டுமென்றே விட்டதாக ஆகாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவிலேயே இருக்கிறது. அதையும் எழுதுங்கள். குழந்தையின் படமோ, அடையாளம் தெரிகிற விவரமோ போட்டால் 74-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். ஆசிரியர் கேட்டால் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டும் பெண். இரண்டாவது பிள்ளை ஆறு மாதமாக இருந்தபோது பிள்ளையில்லாத என் மூத்தாருக்கும் ஓரகத்திக்கும் தத்துக் கொடுத்தோம், பத்திரமும் பதிவு செய்தாயிற்று. ஒரே தெருதான். இப்போது 11 வயது, என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறாள். காதுகுத்துக்கு ஓரகத்தியின் அண்ணன்தான் தாய்மாமன் என்று மடியில் உட்கார வைத்தார்கள். என் தம்பி தட்டு நிறையச் சீர் எடுத்துவந்து ஓரமாகவே நின்றுவிட்டுப் போனான். ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. சொன்னால் பிரிந்துவிடுவாள் என்று ஓரகத்தி அழுகிறார். நான் என்ன செய்வது? – மேலூர் பக்கம்

பதில்: கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தூரமாகப் போனவர்களின் கஷ்டம் ஒன்று. தினம் காலையில் பள்ளிக்கூடம் போகிற மகளுக்கு 'பார்த்துப் போம்மா' என்பதைக்கூடச் சித்தியாக நின்று சொல்கிற உங்கள் கஷ்டம் வேறு. எது பெரிசு என்று அளக்க என்னால் முடியாது.

உங்கள் ஓரகத்தியின் பயத்துக்கு முதலில் பதில். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி முறையாக நடந்த தத்தை ரத்து செய்ய முடியாது. நீங்களே ஆசைப்பட்டாலும் முடியாது. அவர்தான் அம்மா, அது மாறாது. இதை நீங்களே உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள், 'அக்கா, நான் திருப்பிக் கேட்கமாட்டேன்' என்று. அவர் காத்திருப்பது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள், 11 வயதே தாமதம்தான். சீரியலில் காட்டுகிற மாதிரி கல்யாண மண்டபத்தில் எவளோ ஒருத்தி போட்டு உடைக்கிற வரை காத்திருக்கக் கூடாது. ஊருக்குத் தெரிந்த விஷயம் அவள் காதுக்குப் போக ஒரு சண்டை போதும், குழாயடியில் ஒரு வார்த்தை போதும். இரண்டு பேருமாக உட்கார்ந்து சொல்லுங்கள். ஓரகத்தி சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். 'ஏன் என்னைக் கொடுத்தாய், அக்காவை ஏன் கொடுக்கவில்லை' என்றுதான் முதலில் கேட்பாள், அதற்கு உண்மையான பதிலை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். பெண் பிள்ளை என்பதால் கொடுத்தீர்களா, ஓரகத்தியின் கண்ணீரைப் பார்த்துக் கொடுத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எதுவாக இருந்தாலும் அழகுபடுத்தாமல் சொல்லுங்கள். சித்தி என்றே தொடர்ந்து கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் சடங்கு வரும், குச்சுக் கட்டத் தாய்மாமன் யார் என்ற பேச்சும் வரும். ஒரு பெண்ணுக்கு இரண்டு தாய்மாமன் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஓரகத்தியிடம் பேசிவிட்டு, பச்சை ஓலை வெட்ட உங்கள் தம்பியும் வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.